10 ரூபாய்க்கு விற்கப்பட்ட சிறுமி... 1,000 ரூபாய் திட்டத்துக்குப் பெயரான கதை!

அரசுப் பள்ளியில படிச்சு, காலேஜ்ல சேர்ந்த பொண்ணா நீங்க? அப்படின்னா மாசாமாசம் உங்க அக்கவுன்ட்ல 1,000 ரூபாய் ஏறியிருக்குன்னு போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். உங்களுக்கு வரலைன்னாலும் தங்கச்சிக்கோ, தோழிக்கோ, பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கோ வந்திருக்கும். 'புதுமைப் பெண்' திட்டம்னு சுருக்கமா சொல்றோம். அதோட முழுப்பெயர் இன்னும் நீளமானது: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம்.

இந்தப் பெயரை விண்ணப்பத்தில் பார்த்திருப்பீங்க, நியூஸ்ல கேட்டிருப்பீங்க. தாலிக்குத் தங்கம் வாங்கப் போனவங்களுக்கும் இதே பெயர் பரிச்சயம். ஆனா, யார் இந்த மூவலூர் இராமாமிர்தம்னு கேட்டா, நம்மில் பலருக்கும் பதில் தெரியாது.

தெரிஞ்சுக்க வேண்டிய பதில் அது. ஏன்னா, இன்னிக்கு மாசம் 1,000 ரூபாய் கொடுத்து பெண்களைப் படிக்கவைக்கிற ஒரு திட்டத்துக்குப் பெயராக இருப்பவர், சின்ன வயசுல 10 ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் விற்கப்பட்டவர். அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கும் விலை அதுதான். விற்றது யாரோ இல்லை, சொந்த வீட்டார்.

கைமாறிய குழந்தை

1883-ல் திருவாரூரில் பிறந்தவர் ராமாமிர்தம். வளர்ந்தது மூவலூர். அன்றைக்கு மாயவரம் என்று அழைக்கப்பட்ட மயிலாடுதுறையை ஒட்டிய கிராமம். பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர் அதுதான்.

வீட்டில் வறுமை. பிழைக்க வழியில்லாமல் அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார். கையில் குழந்தையோடு நின்ற அம்மாவுக்கு உறவுகள் காட்டிய வழி ஒன்றுதான். குழந்தையை ஒரு தாசி வீட்டில் கொடுத்துவிடு. அவளுக்குச் சாப்பாடு, துணி, நகை எல்லாம் கிடைக்கும், உனக்கும் பாரம் குறையும். அப்படித்தான் அந்தக் குழந்தை கைமாறியது.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு அந்த அம்மா மேல கோபம் வரலாம். கொஞ்சம் பொறுங்க. அன்றைய தஞ்சை மாவட்டத்தில் இப்படிக் குழந்தையைக் கொடுப்பதை யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை என்பதுதான் இந்தக் கதையில் முக்கியமான விஷயம். பார்க்கப்போனால், அதைப் புண்ணியம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள்.

பொட்டுக்கட்டுதல்னா என்ன?

கோயிலுக்கு நேர்ந்துவிடப்படும் பெண்ணுக்கு, பெரும்பாலும் அவள் வயதுக்கு வருவதற்கு முன்பே, சாமி சந்நிதியில் சடங்கு செய்து கழுத்தில் பொட்டு கட்டுவார்கள். அதன்பிறகு அவள் சாமிக்கு மனைவி. அதனால் அவளுக்கு விதவை நிலை கிடையாது, நித்திய சுமங்கலி. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அவள் வேறு யாரையும் முறைப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியாது. வயதுக்கு வந்ததும் ஊரின் பணக்காரர், மிராசுதார், ஜமீன் என யாராவது ஒருவரின் பொறுப்பில் அவள் ஒப்படைக்கப்படுவாள். யார் என்பதைத் தீர்மானிப்பது அவள் இல்லை.

இந்த மரபில் வந்த பெண்கள்தான் சதிரையும், பதங்களையும், ஜாவளிகளையும் நூற்றாண்டுகளாகக் காப்பாற்றிக் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. ஊரில் எழுதப்படிக்கத் தெரிந்த பெண்கள் பெரும்பாலும் இவர்களாகவே இருந்தார்கள். சொத்து பெண்கள் வழியாக இறங்கியது. வெளியிலிருந்து பார்க்கும்போது சுதந்திரமான பெண்களாகத் தெரிந்தார்கள்.

ஆனால், 7 வயசுலயோ 8 வயசுலயோ சடங்குக்கு உட்காரவைக்கப்படும் குழந்தைக்கு அந்தச் சுதந்திரம் எங்கே இருந்தது? ராமாமிர்தம் வாழ்நாள் முழுக்கக் கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான்.

இதில் சட்டத்தின் நிலையையும் பாருங்க. மைனர் பெண்ணைப் பாலியல் தொழிலுக்காக விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டமே சொல்லியிருந்தது. அந்தப் பிரிவுகளின் எண் 372, 373. ஆக, காகிதத்தில் குற்றம் இருந்தது. ஆனால் சடங்கு, சாமி, சம்பிரதாயம் என்ற திரைக்குப் பின்னால் நடக்கும்போது அதைக் குற்றம் என்று சொல்ல ஆள் இல்லை.

ஒரு கல்யாணம், ஒரு கலகம்

வாங்கப்பட்ட வீட்டில் ராமாமிர்தத்துக்குப் பாட்டும் நடனமும் கற்றுக்கொடுக்கப்பட்டன. அது அவருடைய விருப்பத்துக்காக இல்லை. நாளைக்கு வீட்டுக்கு வருமானம் கொண்டுவரப் போகும் பெண்ணுக்கான முதலீடு அது. பருவம் வந்ததும் வயதான ஒரு பணக்காரரிடம் அவரை ஒப்படைக்க ஏற்பாடு நடந்தது.

அந்த இடத்தில்தான் ராமாமிர்தம் மறுத்தார்.

வீட்டை எதிர்த்துக்கொண்டு, தனக்குக் கலை கற்றுக்கொடுத்த சுயம்புப் பிள்ளையைக் கணவராக ஏற்றுக்கொண்டார். இன்னிக்கு நமக்கு இது ஒரு லவ் மேரேஜ் கதை மாதிரி தெரியும். அன்றைக்கு அது அப்படி இல்லை. தாசி வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குக் கல்யாணம் என்ற வார்த்தையே கிடையாது. அவர் வெளியேறினால் போவது ஒரு பெண் மட்டுமல்ல; ஒரு வீட்டின் எதிர்கால வருமானம். அதனால் எதிர்ப்பும் சாதாரணமாக இருக்கவில்லை.

பலர் இந்தக் கட்டத்தோடு நிறுத்தியிருப்பார்கள். தப்பிச்சாச்சு, இனி நம்ம குடும்பம், நம்ம பிழைப்பு. அப்படி இருந்திருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. சின்ன வயதில் பட்ட காயத்தோடு அமைதியாக வாழ்வதற்கே பெரிய தைரியம் வேண்டும்.

ராமாமிர்தம் நிறுத்தவில்லை. தான் தப்பித்த அதே வகை வீடுகளின் கதவைத் தட்டத் தொடங்கினார்.

வீடு வீடாகப் போனவர்

அவர் பேசியது முதலில் அரசாங்கத்திடம் அல்ல, அம்மாக்களிடம். பொட்டுக்கட்டத் தயாராகும் வீடுகளுக்குப் போவார். பெண்ணைக் கொடுக்காதீர்கள், படிக்கவையுங்கள், கல்யாணம் செய்துவையுங்கள் என்று கேட்பார். அந்த வாழ்க்கையிலிருந்து வெளியே வர விரும்பிய பெண்களுக்குத் திருமண ஏற்பாடுகளுக்கும் துணை நின்றார்.

அந்த வீடுகளில் அவரை வரவேற்க யாரும் ஆரத்தியோடு நிற்கவில்லை. வசவுகள் வந்தன. எதிர்ப்பு வந்தது. ஆனால், ஒரு விஷயத்தில் அவரை யாராலும் மடக்க முடியவில்லை. உனக்கு எங்கள் வாழ்க்கையைப் பற்றி என்ன தெரியும் என்ற கேள்வியை அவரைப் பார்த்து யாரும் கேட்க முடியாது. அவருக்குத் தெரியும். அந்த வீட்டின் உள்ளே வளர்ந்தவர் அவர்.

மேடைப் பேச்சும் இதோடு சேர்ந்தே வளர்ந்தது. முதலில் காங்கிரஸில் இருந்தார், கதர்ப் பிரசாரம் செய்தார். 1925-ல் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறியபோது, ராமாமிர்தமும் காங்கிரஸை விட்டு சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். புரோகிதர் இல்லாத திருமணம், விதவை மறுமணம், பெண்ணுக்குச் சொத்து என்று இயக்கம் பேசிய ஒவ்வொன்றும் அவருக்குப் புத்தகத்தில் படித்த கொள்கை இல்லை. சொந்த வாழ்க்கையில் பட்ட விஷயம்.

இங்கே ஒன்றைக் கவனிங்க. தனக்கு நடந்ததை அவர் மறைக்கவே இல்லை. விற்கப்பட்ட கதையை, தாசி வீட்டில் வளர்ந்த கதையை வெளிப்படையாகவே வைத்தார். இன்றைக்குக்கூட, சின்ன வயதில் தனக்கு நடந்த கொடுமையைப் பற்றி வாய் திறக்க எத்தனை பேருக்குத் தைரியம் வருகிறது? வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்னு வீட்டுக்குள்ளேயே பூட்டிவைப்பதுதானே வழக்கம்? 100 வருஷத்துக்கு முன்னால், மைக்குகூட இல்லாத கூட்டங்களில், ஆண்கள் நிறைந்த ஊர் நடுவே நின்று ஒரு பெண் அதைப் பேசினார். அவமானம் குழந்தைக்கு உரியதில்லை. அதைக் கொடுத்தவர்களுக்கும், வாங்கியவர்களுக்கும், பார்த்துக்கொண்டு நின்ற ஊருக்கும் உரியது. அவர் பேச்சின் சாரம் இவ்வளவுதான்.

சட்டசபையில் ஒரு டாக்டர்

அதே காலத்தில், சென்னையில் இன்னொரு பெண் இதே சண்டையை வேறு இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவரின் அம்மா சந்திரம்மாளும் தேவதாசி மரபிலிருந்து வந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரான முத்துலட்சுமி, 1927-ல் சென்னை சட்டமன்ற மேலவைக்கு வந்த முதல் பெண் உறுப்பினர்.

அவர் எடுத்த முதல் வேலைகளில் ஒன்று, பொட்டுக்கட்டுவதைத் தடுப்பது. அதில் அவர் எங்கே கைவைத்தார் என்று தெரிந்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். நிலத்தில்.

கோயிலில் ஆடிப்பாடும் குடும்பத்துக்கு மானியமாக நிலம் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தக் குடும்பத்தில் யாராவது கோயில் பணி செய்துகொண்டிருக்கும் வரைதான் நிலம் அவர்களுக்கு. பணி நின்றால் நிலம் போய்விடும். அப்படியென்றால் என்ன அர்த்தம்? நிலத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண் குழந்தையைக் கொடுத்தாக வேண்டும். பக்தி என்று வெளியே தெரிந்ததன் அடியில் வயிற்றுப்பாடு இருந்தது.

1929-ல் முத்துலட்சுமியின் முயற்சியால் அறநிலையச் சட்டத்தில் திருத்தம் வந்தது. கோயில் பணி செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களிடமே இருக்கும் என்று ஆனது. நிலத்துக்கும் குழந்தைக்கும் நடுவில் போடப்பட்டிருந்த முடிச்சு அங்கே அவிழ்ந்தது. தடுப்பது என்றால் வெறுமனே தண்டிப்பது மட்டுமல்ல. ஒரு குடும்பம் எதற்காக இதைச் செய்கிறது என்று கண்டுபிடித்து, அந்தக் காரணத்தை எடுத்துவிடுவதும்தான்.

1930-ல் பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை முத்துலட்சுமி கொண்டுவந்தார். காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அதே ஆண்டு அவர் பதவியை ராஜினாமா செய்ய, மசோதா அப்படியே நின்றுபோனது. அந்த மசோதாவுக்கு வெளியிலிருந்து ஆதரவு திரட்டியவர்களில் ராமாமிர்தமும் ஒருவர். ஒருவர் சட்டசபையில், ஒருவர் தெருவில்.

எதிர்ப்பு எங்கிருந்தெல்லாம் வந்தது? மதத்தில் தலையிடாதே என்றவர்கள் ஒருபக்கம். இன்னொரு பக்கம், தேவதாசிப் பெண்களே அரசுக்கு மனு கொடுத்தார்கள். எங்கள் எல்லோரையும் ஒரே மாதிரி விலைமாதர் என்று முத்திரை குத்தாதீர்கள், நாங்கள் கலைஞர்கள், எங்கள் பிழைப்பும் கலையும் போய்விடும் என்பது அவர்கள் பயம். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூரு நாகரத்தினம்மாள் அப்படி எதிர்த்தவர்களில் ஒருவர். அந்தப் பயம் பொய்யானதும் இல்லை. பின்னாளில் சதிர் பரதநாட்டியமாகி மேல்தட்டு மேடைகளுக்குப் போனபோது, அதைக் காப்பாற்றி வந்த பெண்களில் பலர் ஓரம்கட்டப்பட்டார்கள்.

ராமாமிர்தம் இந்த வாதத்தில் எந்தப் பக்கம் நின்றார் என்பதில் சந்தேகமே இல்லை. கலை வளர வேண்டும் என்பதற்காக ஒரு குழந்தையைக் கொடுக்க முடியாது. அவ்வளவுதான்.

53 வயதில் ஒரு நாவல்

சட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மேடைப் பேச்சு ஓர் ஊரோடு முடிந்துவிடுகிறது. வேறென்ன செய்யலாம்? ராமாமிர்தம் எழுத உட்கார்ந்தார். 1936-ல், 53 வயதில், ஒரு நாவலை வெளியிட்டார். பெயர் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'.

தாசி வலையில் விழுந்து சொத்தை இழக்கும் பணக்கார மைனர்கள், அவர்களைச் சுரண்டும் வீட்டின் தந்திரங்கள், அதற்குள் பிறந்தும் அதை வெறுத்து வெளியே வரும் பெண்கள் என்று விறுவிறுப்பாகப் போகும் கதை. வலை எப்படி விரிக்கப்படுகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்த ஒருவரால்தான் அவ்வளவு விவரமாக எழுத முடியும். முன்னுரையில் தன் சொந்தக் கதையையும் சொன்னார்.

இன்றைக்கு அந்த நாவலை வாசிக்கும் பெண்ணிய ஆய்வாளர்கள் ஒரு குறையைச் சொல்கிறார்கள். தாசிப் பெண்களையே வில்லிகளாகக் காட்டுகிறது, அவர்களும் ஒருகாலத்தில் விற்கப்பட்ட குழந்தைகள்தான் என்பதை போதுமான அளவு பார்க்கவில்லை என்று. நியாயமான விமர்சனம்தான். அதே நேரம், பள்ளிப் படிப்பு வாய்க்காத ஒரு பெண், தன் மீது நடந்த கொடுமையை நாவலாக்கி ஊர் முன் வைத்தது தமிழுக்குப் புதிது. 2003-ல் கல்பனா கண்ணபிரான், வசந்த் கண்ணபிரான் இருவரும் சேர்ந்து இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள்.

42 நாள் நடை

அவர் ஒரே ஒரு பிரச்னையோடு தன்னைச் சுருக்கிக்கொள்ளவும் இல்லை. 1938-ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, திருச்சியிலிருந்து சென்னைக்கு 'தமிழர் படை' கிளம்பியது. ஆகஸ்ட் 1-ம் தேதி புறப்பட்டு, செப்டம்பர் 11-ம் தேதி சென்னை வந்து சேர்ந்தது. 42 நாள்கள். அந்தப் படையோடு நடந்தவர்களில் ராமாமிர்தமும் ஒருவர். வயது 55.

அதே ஆண்டு நவம்பரில் மறியல் செய்து கைதானார். 6 வாரம் சிறை. ஈ.வெ.ரா-வுக்கு 'பெரியார்' என்ற பட்டத்தைக் கொடுத்த பெண்கள் மாநாடு சென்னையில் நடந்ததும் அதே நவம்பரில்தான்.

யோசிச்சுப் பாருங்க. ஒருகாலத்தில் தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லை என்று வளர்க்கப்பட்ட பெண். அந்த உடம்போடுதான் 42 நாள் வெயிலிலும் மழையிலும் நடந்தார், தன் விருப்பத்துக்கு.

தடுப்புன்னு பெயரிலேயே வைத்த சட்டம்

கடைசியில் 1947-ல் அந்தச் சட்டம் வந்தது. மெட்ராஸ் தேவதாசிகள் (அர்ப்பணிப்புத் தடுப்பு) சட்டம். முத்துலட்சுமி மசோதா கொண்டுவந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த 17 ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் அந்தச் சடங்குக்கு உட்காரவைக்கப்பட்டிருப்பார்கள்? ஒரு சட்டம் தாமதமாவது என்றால் அதுதான் அர்த்தம்.

அந்தச் சட்டத்தில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. ஒன்று, ஒரு பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவது செல்லாது. அவள் சம்மதித்தாலும் செல்லாது. சின்ன வயதிலிருந்தே இதுதான் உன் வாழ்க்கை என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒருவர் கொடுக்கும் சம்மதத்தை, சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. இரண்டு, ஏற்கெனவே பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம். பல வருஷங்களுக்கு முன்னால் ராமாமிர்தம் ஊரை எதிர்த்துச் செய்ததை, சட்டம் அன்றைக்கு உரிமை என்றது.

அப்போது அவருக்கு வயது 64.

தலைவரையும் கேட்டவர்

1949-ல், 69 வயதான பெரியார், தன்னைவிட மிகவும் இளையவரான மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டார். இயக்கமே அதிர்ந்தது. ராமாமிர்தம் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு பின்பற்றிய தலைவரை விட்டு விலகி, அண்ணாவின் தி.மு.க பக்கம் வந்தார்.

மணியம்மை சுயமாக முடிவெடுக்கக்கூடிய வயதில் இருந்தவர், இயக்க வேலைகளில் ஊறியவர், பின்னாளில் அந்த இயக்கத்தையே தலைமையேற்று நடத்தியவர். எனவே, இந்த விஷயத்தில் ராமாமிர்தத்தின் நிலைப்பாட்டை நீங்க ஏத்துக்கலாம், ஏத்துக்காமலும் போகலாம். ஆனால், வயதான ஒரு பணக்காரரிடம் ஒப்படைக்கப்பட இருந்த ஒரு பெண்ணுக்கு, வயது வித்தியாசம் என்பது சாதாரண விஷயமாகத் தெரிந்திருக்காது என்பதை நம்மால் புரிந்துகொள்ள முடியும். ஊரைக் கேட்ட அதே வாயால் தலைவரையும் கேட்டார் என்பது மட்டும் உறுதி.

1962 ஜூன் 27-ம் தேதி ராமாமிர்தம் அம்மையார் மறைந்தார்.

பெயர் எப்படி நம்ம போனுக்கு வந்தது?

1989-ல் கருணாநிதி தலைமையிலான அரசு, ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவும் திட்டத்தைத் தொடங்கி அதற்கு ராமாமிர்தம் அம்மையாரின் பெயரை வைத்தது. ஆரம்பத்தில் 5,000 ரூபாய். சும்மா கிடைக்காது, ஒரு நிபந்தனை உண்டு. பெண் 8-ம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும். பணத்துக்காகவாவது பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவார்கள், அதற்குள் வயதும் ஏறும், குழந்தைத் திருமணமும் தள்ளிப்போகும் என்பது கணக்கு. பின்னால் படிப்புத் தகுதி 10-ம் வகுப்பானது, தொகை கூடியது, 2011-ல் ஜெயலலிதா ஆட்சியில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. ஆட்சிகள் மாறின, பெயர் மாறவில்லை.

2022 செப்டம்பர் 5-ம் தேதி அது உயர்கல்வித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படித்து, கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்துக்கு உதவியாக இருந்தது, படிப்புக்கு உதவியாக ஆனது. 1929-ல் நிலத்தின் முடிச்சை அவிழ்த்த அதே யோசனைதான் இதிலும் இருக்கிறது. பெண்ணைக் கொடுத்தால் பணம் என்று இருந்த இடத்தில், பெண்ணைப் படிக்கவைத்தால் பணம்.

இப்போ இது நமக்கு எதுக்கு?

பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிஞ்சாச்சு, இனி என்னன்னு நீங்க நினைக்கலாம். சடங்கு போயிருக்கலாம். ஆனா, ராமாமிர்தம் பேசிய ஒவ்வொரு விஷயமும் வேற சட்டை போட்டுக்கிட்டு இன்னும் நம்ம பக்கத்துலதான் நிக்குது.

குழந்தைக்குக் கொடுமை செய்பவர் பெரும்பாலும் தெரியாத ஆள் இல்லை. தெரிந்தவர், உறவு, நம்பிக்கைக்கு உரியவர். அன்றும் இன்றும் அப்படித்தான். வெளியில் சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்பதும் மாறவில்லை. கஷ்டத்துக்காக ஸ்கூல் படிக்கிற பொண்ணை வயசுல மூத்த சொந்தக்காரருக்குக் கட்டிவைப்பதும் நின்றுவிடவில்லை. அது தப்புன்னு தெரிஞ்சும், அவங்க வீட்டு விஷயம் நமக்கெதுக்குன்னு ஒதுங்கிப் போவதும்.

ராமாமிர்தம் அந்த வீட்டு விஷயத்துக்குள்தான் போனார். கதவைத் தட்டினார். திட்டு வாங்கினார். திரும்பவும் போனார்.

உங்களுக்கு அவர் அளவுக்கு ஊர் ஊராகப் போக வேண்டிய அவசியம் இல்லை. இன்றைக்குக் குழந்தைகளைப் பாதுகாக்க போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது. ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தால், அதைப் புகார் செய்வது நம்முடைய விருப்பம் அல்ல, கடமை என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. 18 வயதாகாத பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு நடந்தாலும் தடுக்கச் சட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் போன்ல அழுத்த வேண்டிய எண் 1098. குழந்தைகளுக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும். பெண்களுக்கு 181.

ஒருவேளை, இதை வாசிக்கிற உங்களுக்கே சின்ன வயசுல அப்படி ஏதாவது நடந்திருந்தால், இதுவரை யாரிடமும் சொல்லாமல் இருந்தால், ஒன்று மட்டும். அது உங்க தப்பு இல்லை. எப்போது, யாரிடம் சொல்வது என்பதை முடிவு பண்ணும் உரிமை உங்களோடது. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட, ஒரு மனநல ஆலோசகர்கிட்ட சொன்னாலும் பாரம் கொஞ்சம் இறங்கும். சொல்லக்கூடியதுதான் அது. மூவலூரில் வளர்ந்த ஒரு பெண் 100 வருஷத்துக்கு முன்னாடியே ஊர் முன்னால சொல்லிக் காட்டியிருக்கார்.

அடுத்த முறை அந்த 1,000 ரூபாய் மெசேஜ் வரும்போது, பக்கத்துல இருக்கிற தோழிகிட்ட இந்தப் பெயர் யாரோடதுன்னு கேட்டுப் பாருங்க. தெரியலைன்னா, இந்தக் கதையைச் சொல்லுங்க.